நெஞ்சு காலி

இரண்டு நாற்பதுக்கு அது ஆரம்பித்தது.

நிங் சூசென் கண்ணைத் திறக்காமலே இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில் வைத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, கைப்பேசியில் நேரம் பார்த்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு. அவள் ஓடவில்லை, மாடி ஏறவில்லை. கெட்ட கனவுகூட வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவளை உள்ளேயிருந்து யாரோ கைமுட்டியால் குத்தி எழுப்பியிருந்தார்கள்.

அவள் நான்தோங் நகரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. நாற்பத்தெட்டு வயது. இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் இதயத்தின் நான்கு அறைகளை வரைந்து, இது உள்ளே வரும் ரத்தம், இது வெளியே போகும் ரத்தம் என்று நீலத்திலும் சிவப்பிலும் அம்புக்குறி போட்டவள். அந்தப் படத்தில் எங்கே கோளாறு வந்தால் இப்படி அடிக்கும் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

தலையணைக்கு அடியில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. தேதி, நேரம், எண்ணிக்கை, குறிப்பு. குறிப்புக்கான இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

நோட்டில் எழுதிவிட்டு, கைப்பேசியில் அந்த எண்ணை மட்டும் தட்டி பெய்லிங்குக்கு அனுப்பினாள்.

கூ பெய்லிங் அதே பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவளைவிட ஆறு வயது சின்னவள். ஆசிரியர் அறையில் இருவருக்கும் எதிரெதிர் மேசை. அம்மாவை வைத்துப் பார்த்த காலத்திலிருந்து பெய்லிங்குக்கும் ராத்திரித் தூக்கம் லேசு. ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"118? எந்த பஸ் அக்கா இது? ரயில் நிலையம் போகுமா?"

சூசென் இருட்டில் சிரித்தாள். சிரித்ததும் இதயம் ஒரு படி இறங்கியது.

முந்தின வாரம் 121 அனுப்பியபோது "இது சுத்துப் பாதை, ஏறாதீங்க" என்று பதில் வந்தது. 109க்கு "சீட் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். ஏப்ரலில் தொடங்கிய இந்த நோயில் சூசெனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

கணவன் யோங்குவோவுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவான். வந்தால் படுத்த நிலையிலேயே விடியும்வரை தூங்குவான். ஒரு சனிக்கிழமை அவன் கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"அடிக்குது," என்றான் தூக்கத்தில். "அடிக்காம இருந்தாத்தானே பயம்."

ஜூலையில் நகர மருத்துவமனைக்குப் போனாள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்க அதோடு இருக்கச் சொன்னார்கள். மறுநாள் டாக்டராக இருந்த ஒரு இளைஞர் தாள்களைப் புரட்டினார்.

"வேகமா அடிக்குது, ஆனா ஒழுங்கா அடிக்குது. இதயத்துல ஒண்ணும் இல்ல டீச்சர். இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"சிலருக்கு ஆறு மாசம். சிலருக்கு ஆறு வருஷம்."

வெளியே வந்து பெய்லிங்கிடம் சொன்னபோது அவள் கொதித்தாள். "ஆறு வருஷமா? அவங்கம்மாவுக்கு இப்படி வந்தா இதையேதான் சொல்லுவானா? விடுங்க அக்கா, நான் உங்களை ஃபெங் வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எங்க அம்மாவுக்குக் கடைசியில கொஞ்சமாவது தூக்கம் வந்தது அவர் மருந்துலதான்."

பெய்லிங்கின் அம்மா இறப்பதற்கு முந்தைய மூன்று மாதமும் அவளுடைய வகுப்புகளில் பாதியை சூசென்தான் எடுத்தாள். வேதியியல் பாடத்தை இரவில் படித்து, காலையில் நடத்தினாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. பெய்லிங் தினமும் காலையில் தேயிலையில் வேகவைத்த முட்டை இரண்டு கொண்டுவந்து ஒன்றை எதிர் மேசையில் வைப்பாள். ஒன்பது வருடமாக.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, காலை இரண்டாம் மணி முடிந்ததும் பெய்லிங்கின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள்.

ஃபெங் வைத்தியர் எழுபதைத் தாண்டியவர். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். மறு கையையும் பார்த்தார்.

"எதுக்குப் பயப்படறீங்க?"

"நான் எதுக்கும் பயப்படலையே."

"உங்களைக் கேட்கல. நாடியைக் கேட்டேன்."

சீட்டில் பேனாவால் எழுதினார். பதினோரு மூலிகைகள். மேலே, நோய் என்ற இடத்தில் இரண்டு சொற்றொடர்: நெஞ்சு காலி, பித்தப்பை கோழை.

வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் அதைப் படித்தார்கள். வைத்தியப் புத்தகத்தில் அது ஒரு நோயின் பெயர், அவ்வளவுதான். இதயத்தில் சக்தி குறைந்திருக்கிறது, தைரியம் குடியிருக்கும் பித்தப்பையும் தளர்ந்திருக்கிறது, அதனால் சின்னச் சத்தத்துக்கும் நடுங்குகிறது என்று பொருள். ஆனால் தெருவில் ஒருவனைப் பார்த்து உனக்கு நெஞ்சு காலி என்றால், எதையோ செய்துவிட்டு உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டு இருக்கிறாய் என்று அர்த்தம்.

பெய்லிங் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா! என்ன பண்ணிட்டு வந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க. வைத்தியரே எழுதிக் கொடுத்துட்டார்."

"ஆய்வகத்துல ரெண்டு தவளை குறையுது. நான்தான்."

"தனியாவா தின்னீங்க? எனக்குக்கூட தரல."

"நீ கால் கேட்பே. கால்தான் நல்லா இருக்கும்."

எதிரே மருந்துக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததில் இன்னும் சிரிப்பு வந்தது. சூசென் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'கோழை' என்ற சொல்லின் பக்கத்தில், சீட்டின் ஓரத்தில், ஒரு எலி வரைந்தாள். முன்கால் இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கும் எலி. நீண்ட வால் அந்தச் சொல்லின் அடியில் போய் நுனியில் இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தது. அவள் வரைகிற எலிக்கு எப்போதும் வால் அப்படித்தான். பரிசோதனைத் தாள்களின் ஓரத்தில் அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மருந்தைக் காய்ச்சிப் பொட்டலம் போட இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். சூசெனுக்கு நாலாம் மணி வகுப்பு இருந்தது.

"நீங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க. எனக்கு மத்தியானம்வரை வகுப்பு இல்ல. நான் வாங்கிட்டு பஸ்ல வர்றேன்," என்றாள் பெய்லிங். "நூத்துப் பதினெட்டுல வர்றேன்."

மத்தியானம் பதினான்கு பொட்டலங்களைக் கொண்டுவந்து ஆசிரியர் அறைக் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்தாள்.

"சீட்டு?"

"மருந்துக்கடையிலயே வாங்கி வச்சுக்கிட்டாங்க அக்கா. அவங்க கணக்குக்கு வேணுமாம்."

"என் எலி போச்சு."

"இன்னொண்ணு வரைஞ்சுக்கோங்க. தவளை தின்ன கை."

அக்டோபரில் மூத்த ஆசிரியர் நிலைக்கான பெயர் வந்தது.

பள்ளியில் அந்த நிலைக்கு ஒரே ஒரு இடம்தான் காலியாகியிருந்தது, அதுவும் ஒருவர் ஓய்வு பெற்றதால். அடுத்தவர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம். அப்போது சூசெனுக்கு ஐம்பத்து நாலு. அந்த வயதில் யாரும் பெயர் கொடுப்பதில்லை. இதற்கு முன் இரண்டு முறை பெயர் கொடுத்து இரண்டு முறையும் வேறு யாருக்கோ போனது. இரண்டாவது முறை, தேர்வானவரின் பாராட்டுக் கூட்டத்தில் பூச்செண்டு கொடுக்கச் சொன்னதும் அவளைத்தான்.

இந்த முறை அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் இருந்தது. நிங் சூசென், உயிரியல். ஐந்து வேலை நாள் பலகையில் இருக்கும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும். வெள்ளி மாலை நாலு மணியோடு சரி.

பெய்லிங் பலகைக்கு முன் நின்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"மூணாவது தடவை! நான் சொன்னேனா இல்லையா?"

"நீயும் பெயர் கொடுத்திருக்கலாம்டி."

"எனக்கு என்ன அவசரம்? உங்களுக்கு வந்தா எனக்கு வந்த மாதிரி. இன்னிக்கு நூடுல்ஸ் உங்க செலவு, ரெண்டு கிண்ணம்."

அன்று திங்கள். புதன்கிழமை பகலில் துணை முதல்வர் தாவ் கூப்பிட்டு அனுப்பினார்.

தாவுக்கு உரத்த குரல். கதவைச் சாத்தினாலும் தாழ்வாரம்வரை கேட்கும். நாற்காலியைக் காட்டினார், தானே சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உடம்பு எப்படி இருக்கு நிங் டீச்சர்?"

"நல்லா இருக்கேன் சார்."

"நல்லா இருந்தா சரி." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "கையெழுத்து இல்லாத கடிதம். வழக்கமா நான் குப்பையில போட்டுடுவேன். ஆனா ஆட்சேபக் காலத்துல வந்தா போட முடியாது."

கணினியில் அடித்த கடிதம். ஒரு வசவு இல்லை. நிங் ஆசிரியை மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அதனால்தான் மனம் கேட்காமல் எழுதுகிறேன் என்று தொடங்கியது. மூத்த ஆசிரியருக்கு வேலைச் சுமை அதிகம், இளம் ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வேண்டும், வெளியூர்க் கூட்டங்களுக்குப் போக வேண்டும், அவருடைய உடல்நிலை அதைத் தாங்காது, பள்ளி அவரைப் பாதுகாக்க வேண்டும் என்றது. பிறகு ஒரு பத்தி. ஆகஸ்ட் 9, இரவு 2.40, நிமிடத்துக்கு 121. ஆகஸ்ட் 16, 2.42, 118. செப்டம்பர் 3, 2.40, 126. அப்படிப் பதினாறு வரி.

சூசென் அந்த எண்களைப் படித்தாள். ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்த எண். ஒவ்வொன்றுக்கும் ஒரு பஸ் இருந்தது. கடிதத்தில் பஸ் இல்லை.

நோட்டு தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதை யோங்குவோ திறந்துகூடப் பார்த்ததில்லை. வேறு யாராவது இருக்கலாம் என்று ஒரு நொடி அவள் தேடினாள். மனம் யார் யாரையோ இழுத்துக்கொண்டு வந்தது. மருத்துவமனையில் எண் எடுத்த நர்ஸ், கீழ்வீட்டுக்காரி.

"இதுவும் கூட வந்தது," என்றார் தாவ்.

கைப்பேசியில் எடுத்த படம், வெள்ளைத் தாளின் நடுவில் அச்சாகியிருந்தது. ஃபெங் வைத்தியரின் சீட்டு.

"எனக்கு இதுதான் புரியல. நெஞ்சு காலி, பித்தப்பை கோழை. அந்த வைத்தியர் உங்களைத் திட்டியிருக்காரா?"

"அது நோயோட பேர் சார்."

"நோயா! நான் வாக்குமூலம்னு நெனச்சுட்டேன்." அவர் சிரித்த சிரிப்பு தாழ்வாரத்துக்குப் போயிருக்கும். "நேத்து முழுக்க யோசிச்சேன், நம்ம நிங் டீச்சர் எதை எடுத்திருப்பாங்கன்னு."

சூசென் படத்தையே பார்த்தாள். எடுத்தவர் ஓரத்தை வெட்டியிருந்தார். எலி இல்லை. ஆனால் கோழை என்ற சொல்லின் அடியில் ஒரு கோடு ஓடி, நுனியில் இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தது. பார்ப்பவர்கள் வைத்தியர் அடிக்கோடு போட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

எலி சீட்டில் வந்தது மரப்பெஞ்சில். அதன்பிறகு சீட்டு ஒரே ஒருத்தி கையில்தான் இருந்தது.

"இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல," என்றார் தாவ். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள நகர மருத்துவமனையில வேலைக்குத் தகுதின்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா, உடம்பு சரியில்ல, விலகிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. யாருக்கும் சங்கடம் இல்ல."

"நான் விலகினா யாருக்குப் போகும்?"

"அடுத்த மதிப்பெண்ணுக்கு. கூ டீச்சர்தான். ரெண்டே மார்க் வித்தியாசம்."

"அவ பெயர் கொடுக்கலையே சார்."

"ஜூன்லயே கொடுத்தாங்களே. உங்ககிட்ட சொல்லலையா? ஒரே கிண்ணத்துல சாப்பிடறவங்களாச்சே நீங்க ரெண்டு பேரும்."

அவள் தண்ணீரைக் குடித்தாள். சூடாக இருந்தது. பகல் பதினொன்றரைக்கு இதயம் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இந்தப் பிரதியை நான் எடுத்துக்கலாமா சார்?"

"எடுத்துக்கோங்க, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தச் சொல் உணவுக்கூடத்துக்கு வந்துவிட்டது. உடற்பயிற்சி ஆசிரியர் லூ தட்டோடு அவள் மேசைக்கு வந்து குனிந்தார்.

"நிங் டீச்சர், உங்களுக்கு நெஞ்சு காலியாமே. எதை எடுத்தீங்க, வினாத்தாளா, முட்டையா? சொல்லுங்க, நான் வெளிய விடமாட்டேன்."

சுற்றிலும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்பு. சூசென் எப்போதும்போல முகம் சிவந்து தட்டைப் பார்த்தாள். பதில் சொல்லத் தெரிந்தவள் அவளில்லை. பதில் எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான் சொல்வாள்.

"வாயை மூடுங்க லூ சார்," என்றாள் பெய்லிங். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அக்காவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்ல. ராத்திரி ராத்திரி தூங்கறதே இல்ல, பாவம். உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

லூ வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். மற்றவர்கள் சூசெனை வேறு மாதிரி பார்த்தார்கள். பெய்லிங் தன் தட்டிலிருந்து பெரிய இறைச்சித் துண்டாக ஒன்றை எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தாள்.

"சாப்பிடுங்க அக்கா."

சூசென் அதைச் சாப்பிட்டாள். மென்று, விழுங்கினாள். அப்போது வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் எத்தனையோ முறை அவள் நினைத்துப் பார்த்தது கடிதத்தை அல்ல, அந்தத் துண்டை.

அன்று இரவு நூற்று முப்பத்தொன்று. நோட்டில் எழுதினாள். கைப்பேசியில் 1, 3, 1 என்று தட்டினாள், பழக்கத்தில். கட்டைவிரல் அனுப்பும் இடத்துக்கு மேல் நின்றது. ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு மேலே தள்ளிப் பழைய செய்திகளைப் பார்த்தாள். 126க்கு, "இது விரைவு வண்டி, எங்கயும் நிக்காது, கம்பியைப் பிடிச்சுக்கோங்க." செப்டம்பர் 3, 2.41. அதையும் ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுதினாளா? இல்லை, கடிதம் எழுதியபோது இப்படி மேலே தள்ளித் தள்ளித் தேடி எடுத்தாளா? நகைச்சுவையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

விடியும்வரை அவளுக்கு அந்தக் கேள்விதான்.

வியாழன் மாலை யோங்குவோவிடம் கைப்பேசியில் பேசினாள்.

"விட்டுக் கொடுத்துடு சென்," என்றான். பின்னால் இரும்பு அறுக்கும் சத்தம். "அந்தப் பேர் இல்லேன்னா நமக்கு என்ன குறைஞ்சுடும்?"

"எனக்குக் குறையும்."

இரும்பு அறுக்கும் சத்தத்திலிருந்து அவன் தள்ளிப் போனான்.

"எழுதினது யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"யாரு?"

சொல்ல வாய் திறந்தாள். பெயர் வரவில்லை. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் தினமும் சொல்லப்பட்ட பெயர்.

"வீட்டுக்கு வந்ததும் சொல்றேன்."

"சரி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தனியா போகாதே. பெய்லிங்கைக் கூட்டிட்டுப் போ."

தனியாகப் போனாள். பஸ்ஸில் போனாள், எண்ணைப் பார்க்காமல் ஏறினாள்.

அதே இளைஞர்தான் இருந்தார். பழைய தாள்களைப் பார்த்தார், புதிதாக ஒன்று எடுத்தார்.

"எழுபத்தாறு. நல்லாத்தானே இருக்கு."

"பகல்ல நல்லாத்தான் இருக்கும்."

"ராத்திரி பள்ளிக்கூடம் நடத்தறீங்களா?"

"இல்ல."

"அப்போ தகுதிதான்." முத்திரையை மையில் ஒற்றி இரண்டு முறை குத்தினார்.

மூன்று மணிக்கு ஆசிரியர் அறைக்கு வந்தபோது மற்றவர்கள் வகுப்பில் இருந்தார்கள். பெய்லிங் மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்கா போனீங்க? ரெண்டு நாளா ராத்திரி ஒண்ணுமே வரல. குறைஞ்சுடுச்சா?"

சூசென் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து படத்தின் பிரதியை எடுத்து மேசைக் கண்ணாடி மேல் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். வால் எங்கே வெட்டுப்பட்டதோ அங்கிருந்து, வெள்ளை ஓரத்தில், எலியின் பின்பக்கத்தை வரைந்தாள். முதுகு. காது. நெஞ்சில் வைத்த இரண்டு கைகள். மீசை ஒவ்வொரு பக்கமும் மூன்று. அவசரப்படவில்லை. முடிந்ததும் தாளைத் திருப்பி எதிர் மேசைக்குத் தள்ளினாள்.

பெய்லிங் பார்த்தாள். சிவப்பு பேனா அவள் விரலிலிருந்து உருண்டு விடைத்தாளில் ஒரு கோடு போட்டு நின்றது.

"அக்கா."

சூசென் பேனாவை மூடினாள்.

"அக்கா, நான் உங்க நல்லதுக்குத்தான்… ராத்திரி அப்படி அடிச்சுக்குது. அதோட இந்தச் சுமையும் சேர்ந்தா? எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது, உங்களுக்கே தெரியும்."

"ஜூன்ல நீங்க பெயர் கொடுத்தீங்களே."

அந்த 'நீங்க' பெய்லிங்கின் முகத்தில் விழுந்தது. அவள் கண் சிமிட்டினாள்.

"கொடுத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க விலகியிருப்பீங்க." பெய்லிங்கின் குரல் உயர்ந்தது. "எனக்குத் தெரியாதா உங்களை? நீயே எடுத்துக்கடின்னு சிரிச்சுக்கிட்டே விலகிடுவீங்க. என் வகுப்பையெல்லாம் எடுத்தீங்களே, அந்த மாதிரி. அப்புறம் நான் காலம் பூரா உங்க முகத்தை எப்படிப் பார்க்கறது? எவ்வளவுதான் வாங்கிக்கறது ஒருத்தி?"

சூசென் அதை யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். ஜூனில் பெய்லிங் சொல்லியிருந்தால் சூசென் விலகியிருப்பாள். அது உண்மையாக இருந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்," என்றாள். "அதனால கேட்காம எடுத்துக்கப் பார்த்தீங்க."

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க."

"எனக்கு நாலு மணிக்குள்ள ஒரு தாள் கொடுக்கணும், கூ டீச்சர்."

வெளியே வந்து நேராகத் தாவின் அறைக்குப் போனாள். துணை முதல்வர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். "நெஞ்சு நிறைஞ்சுடுச்சு போல," என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அடுத்த வாரம் பலகையில் அவள் பெயரின் மேல் சிவப்பு முத்திரை விழுந்தது. ஆசிரியர் அறையில் மிட்டாய் கொடுத்தாள். லூ இரண்டு கை நிறைய எடுத்துக்கொண்டார். பெய்லிங் எழுந்து வந்து எல்லோர் முன்னாலும், "வாழ்த்துகள் அக்கா," என்றாள். ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டாள்.

"நன்றி, கூ டீச்சர்."

அறையில் யாரோ மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு பேச்சு தொடர்ந்தது.

மேசையை மாற்றித் தரக் கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கேட்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் எதிரெதிரே உட்கார வேண்டும். காலையில் முட்டை வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு முட்டை இருந்தது. அவள் தொடவில்லை. மத்தியானம் பெருக்க வந்தவள், "யாருதும்மா இது?" என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனாள். குளிர்பெட்டியில் மருந்துப் பொட்டலம் மூன்று மிச்சம் இருந்தது. கத்தரித்துத் தொட்டியில் ஊற்றினாள். கசப்பு வாசனை இரண்டு நாள் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை யோங்குவோ பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் "நம்ம பெய்லிங்கா?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் தூங்கிவிட்டான்.

இரண்டு நாற்பதுக்கு ஆரம்பித்தது.

விரல்களை வைத்து எண்ணினாள். நூற்று இருபத்திரண்டு. இடம் கிடைத்துவிட்டது, சான்றிதழ் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. உள்ளே இருப்பதற்கு அதெல்லாம் தெரியவில்லை. தப்பு செய்தவளுக்கு அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தது.

நோட்டைத் திறந்தாள். பேனாவைத் தேடும்போது கைப்பேசி ஒளிர்ந்தது.

"இன்னிக்கு எந்த பஸ் அக்கா?"

அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். நகரத்தின் மறுகோடியில் ஒருத்தி இருட்டில் விழித்துக்கொண்டு, இதைத் தட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாள். அவளுக்கும் இப்போது அடித்துக்கொண்டிருக்கலாம். எத்தனை என்று சூசென் கேட்கவில்லை.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். விளிம்பில் கொஞ்ச நேரம் வெளிச்சம் கசிந்தது, பிறகு அணைந்தது. நோட்டில் 122 என்று எழுதினாள். குறிப்பு என்ற இடத்தில் பேனா நின்றது. ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடி, விரல்களை மறுபடி மணிக்கட்டில் வைத்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.